பால்டின் அளவு: தோட்டத்துத் தாய்மாரின் அடுப்பங்கரை வரலாறு



அண்மையில் ஒரு திருமண விருந்தில், பணி ஓய்வு பெற்ற மூத்த ஆசிரியர் ஒருவரோடு ஒரே மேசையில் அமர நேர்ந்தது. பேச்சு வழக்கம்போல் பிள்ளைகளைப் பற்றித் திரும்பியது. "இப்போதுள்ள அம்மாமார் வேலைக்குப் போய்விடுகிறார்கள் டீச்சர். பிள்ளைகளுக்கு டின்னும் பொட்டலமும்தான் சாப்பாடு. அந்தக் காலத்து அம்மாக்கள் எல்லாவற்றையும் தங்கள் கையாலேயே சமைத்துப் போட்டார்கள்" என்றார் அவர். வயதில் மூத்தவர், எனக்குப் பாடம் நடத்தும் முறையைச் சொல்லிக் கொடுத்தவர். ஆதலால் "ஆமாம் ஐயா" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டேன். ஆயினும் அந்தச் சொற்கள் என் மனத்தை விட்டு அகலவில்லை.

மலேசியத் தமிழர்களாகிய நம்முள் பெரும்பாலோருக்கு 'அந்தக் காலம்' என்பது தோட்டம்தான். அந்தத் தோட்டத்தில் எந்தத் தாய் வீட்டில் இருந்தாள்? பாட்டி பால்மரம் சீவினார். அம்மா பால்மரம் சீவினார். நான் கரும்பலகையில் எழுதுகிறேன். வேலைக்குப் போகும் தாய் என்பவள் ஏதோ நேற்று முளைத்த புதுமை என்பது போல் நாம் பேசுவது வரலாற்றுப் பிழை. மூன்று தலைமுறைகளாக நம் வீட்டு அடுப்புகள் வேலைக்குப் போகும் பெண்களால்தான் எரிந்தன. அந்த அடுப்புகளின் கதையை இயன்றவரை எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் மரத்திலிருந்து தொடங்க வேண்டும். 1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் என்பார் பிரேசிலிலிருந்து இரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றதும், அவற்றில் முளைத்த நாற்றுகளுள் 22 மறு ஆண்டே சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டதும், சில கோலகங்சாரில் நடப்பட்டதும் நாம் பள்ளியில் படித்த செய்திகள். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செப்பனிட்டார். இந்த முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் விடியற்காலையில்தான் மிகுதியாக இருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை வெளியிடும், அழுத்தம் தளரும், பால் வடிவது குறைந்துவிடும். எனவே சீவுவோர் வெளிச்சம் வருவதற்கு முன்பே காட்டில் நிற்க வேண்டும்.

இந்தத் தாவரவியல் உண்மைதான் நம் பாட்டிமாரின் சமையல் நேரத்தை முடிவு செய்தது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க வேண்டுமெனில் மூன்று மணிக்கோ மூன்றரை மணிக்கோ எழுந்து விறகடுப்பை மூட்ட வேண்டும். அரிசியைக் களைந்து உலையில் போட்டு, பருப்போ கருவாட்டுக் குழம்போ ஒன்றை வைத்து, தூக்குச்சட்டியில் கோப்பியை ஊற்றி, உறங்கும் பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஆயாக் கொட்டகைக்கு நடக்க வேண்டும். அங்கே முதிர்ந்த பெண்ணொருவர் இருபது முப்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். பால் எடுத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தாய் திரும்ப நண்பகல் கடந்துவிடும். காலையில் ஆக்கியது அப்போது ஆறிப் போயிருக்கும். அதைத்தான் பகலுக்கும் உண்பர். எஞ்சியதில் நீர் ஊற்றினால் மறுநாள் பசியாற ஆகும்.

கூலியோ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக இல்லை. 1920-களின் இறுதியில், இந்தியத் தொழிலாளர்களுக்கென நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி முதன்மைப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. சற்றுப் பின் வந்த பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைந்தது. 1931-இல் மலாயாவில் இருந்த இந்தியர்களுள் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை. அந்தச் சிலர் மரமும் சீவினர், குடும்பத்துக்கும் ஆக்கினர். உறவினர் இல்லாத ஆண்கள் சிலருக்குக் காசு வாங்கிக்கொண்டு சேர்த்துச் சமைத்துக் கொடுத்த பெண்களும் இருந்தனர் என்று என் பாட்டி கூறியிருக்கிறார்.

இப்போது டின்னுக்கு வருவோம். மூத்த ஆசிரியர் பழித்த அந்த டின் நம் வீடுகளுக்குள் நுழைந்தது நேற்றன்று. ஆங்கிலோ-சுவிஸ் கெட்டிப்பால் நிறுவனம் என்ற பெயரில் நெஸ்லே பினாங்கில் கடை திறந்தது 1912-இல். சிங்கப்பூரில் ஆல்பிரெட் குளூவே என்ற பிரெஞ்சுக்காரர் தம் வணிகத்தைத் தொடங்கியது 1892-இல். அவருடைய பொருள்களின் மேல் இருந்த சேவல் படத்தைக் கண்டு மக்கள் அதைக் 'கோழிச் சின்னம்' என்றே அழைத்தனர். அதுவே 'ஆயாம் பிராண்ட்' சாடினாக நிலைத்தது. தக்காளிச் சாற்றில் ஊறிய அந்த மீனை வெங்காயமும் மிளகாயும் புளியும் சேர்த்துப் பத்தே நிமிடத்தில் குழம்பாக்கிவிடலாம். அம்மியில் மசாலை அரைக்க நேரமில்லாத நாளில் அது கைகொடுத்தது. எங்கள் வீட்டில் சாடின் குழம்பு வைத்தால் அது சோம்பலின் அடையாளமன்று. மழை நின்று, தாமதமாக வெட்டுக்குப் போய், தாமதமாகத் திரும்பிய நாள் என்று பொருள்.

பால்டின்னின் கதை அத்தனை எளிதன்று. சீனி கலந்த கெட்டிப்பாலில் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கு மேல் சீனியே. அதனால்தான் குளிர்ப்பெட்டி இல்லாத நாட்டில் அது கெடாமல் இருந்தது. ஆனால் கொழுப்பு நீக்கிய பாலில் செய்த மலிவான வகையில் ஏ, டி உயிர்ச்சத்துகள் இல்லை. விடியுமுன் வேலைக்குப் போய் நண்பகலில் திரும்பும் தாய், இடைப்பட்ட நேரத்துக்குக் கைக்குழந்தைக்கு எதைக் கொடுப்பாள்? அந்தக் கேள்விக்குள் இந்த டின் புகுந்துகொண்டது. கெட்டிப்பாலை வெந்நீரில் கரைத்துப் புட்டியில் ஊட்டினர். குழந்தைகள் வீங்கின, நோய்ப்பட்டன, சில இறந்தன.

இதை உரக்கச் சொன்னவர் ஒரு பெண் மருத்துவர். சிசிலி வில்லியம்ஸ் ஜமைக்காவில் பிறந்தவர். ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில் பணியாற்றியபோது, புரதக் குறைவால் குழந்தைகளுக்கு வரும் 'குவாஷியோர்கர்' நோயை 1933-இல் மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தவர். 1936-இல் மலாயாவுக்கு வந்தார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரைக்கு 'பாலும் கொலையும்' என்று தலைப்பிட்டார். கெட்டிப்பாலைக் குழந்தை உணவென்று விளம்பரம் செய்வோரைக் கடுமையாகச் சாடினார். வணிகப் பெருமக்கள் அமர்ந்திருந்த அவையில், ஒரு பெண், அந்த நாளில், இதைச் சொன்னார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னர் ஜப்பானியர் ஆட்சியில் சாங்கிச் சிறையில் அடைபட்டுத் துன்புற்றார். அவர் எழுப்பிய வினா உலகின் காதில் விழ நெடுங்காலம் ஆயிற்று. தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விற்பது பற்றிய அனைத்துலக நெறிமுறையை உலகச் சுகாதார மன்றம் ஏற்றது 1981-இல்தான்.

இந்த வரலாற்றைப் படித்துவிட்டு, பாட்டிமாரை அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பால் சுரந்த மார்போடு காட்டில் நின்றவர்கள் அவர்கள். கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லாதபடி அவர்களது வேலைநேரம் அமைந்திருந்தது.

காலியான டின் மட்டும் வீணாகவில்லை. விளிம்பைத் தட்டி மழுக்கிவிட்டால் அது அரிசி அளக்கும் படி. கம்பியில் கட்டினால் கோப்பிக் குவளை. 14 அவுன்சு எடையுள்ள பழைய பால்டின் ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் கொள்ளும். எங்கள் லயத்தில் எந்தச் சமையல் குறிப்பும் 'ரெண்டு டின் அரிசி', 'ஒரு டின் ரவை' என்றுதான் தொடங்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இறுதியில் தேவைப்படும்.

1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் காலத்தைப் பற்றித் தனியே ஒரு நூலே எழுதலாம். மலாயா தன் அரிசியின் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கி உண்ட நாடு. கப்பல்கள் நின்றதும் அரிசி மறைந்தது. எங்கும் மரவள்ளிக்கிழங்கு. வேகவைத்து, துருவி ரொட்டியாகத் தட்டி, காயவைத்து மாவாக்கி, எத்தனை விதமாகச் செய்தாலும் அது மரவள்ளிக்கிழங்குதான். பல்லாயிரம் தோட்டத்து ஆண்கள் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். வீட்டில் எஞ்சிய பெண்களே கிழங்கும் நட்டனர், பிள்ளைகளையும் காத்தனர். என் பாட்டி கடைசிவரை மரவள்ளிக்கிழங்கைத் தொட்டதில்லை. நான் ஒருமுறை தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்து மரவள்ளி அப்பம் சுட்டுக் கொடுத்தபோது, தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "பிள்ளைங்களுக்குக் குடு" என்று மட்டும் சொன்னார்.

பலரும் மறந்துவிட்ட ஒன்று, அதற்கடுத்து வந்த அவசரகாலம். 1948-இல் தொடங்கி 1960 வரை நீடித்த அக்காலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் படையினருக்கு உணவு கிடைக்காமல் செய்வது அரசின் முதன்மை உத்தியாக இருந்தது. 1950-இல் வந்த ஹெரால்டு பிரிக்ஸ் வகுத்த திட்டத்தின்படி புதுக்கிராமங்கள் அமைந்தன. தோட்ட லயங்களும் ஒன்றிணைக்கப்பட்டு முள்வேலிக்குள் வந்தன. விடியலில் வாயிற்கதவு திறக்கும்போது வேலைக்குப் போவோரை ஒவ்வொருவராகச் சோதித்தனர். உணவுக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த பகுதிகளில் வேலைக்காட்டுக்குச் சோறு எடுத்துச் செல்லத் தடை. கடைக்காரர் டின் உணவை விற்கும்போது அங்கேயே ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். சேர்த்து வைத்துக் காட்டுக்கு அனுப்ப முடியாதல்லவா? சில இடங்களில் வீட்டில் அரிசி வைத்திருக்கவே இசைவில்லை. பொது அடுப்பில் ஆக்கிய சோற்றைத்தான் வாங்கிச் செல்ல வேண்டும். ஆக்கிய சோறு விரைவில் ஊசிப்போகும் என்பதே அதன் காரணம்.

இதைத் தாயின் இடத்தில் நின்று பாருங்கள். மூன்று மணிக்கு எழுந்து ஆக்கிய சோற்றைத் தானே எடுத்துச் செல்ல முடியாது. வெறும் வயிற்றோடு, வரக்கோப்பியின் பலத்தில், நண்பகல்வரை மரத்துக்கு மரம் நடக்க வேண்டும். அவசரகாலத்தைப் பற்றி நம் வரலாற்றுப் பாடநூல்கள் தளபதிகளையும் திட்டங்களையும் சொல்கின்றன. தூக்குச்சட்டியைச் சொல்வதில்லை.

இனிச் சற்று மகிழ்ச்சியான பகுதிக்குச் செல்வோம்.

1955-ஆம் ஆண்டு இறுதியில் தோஷிபா நிறுவனம் தானியங்கி மின்சோற்றுப் பானையை விற்பனைக்கு விட்டது. அதை வடிவமைத்தவர் யோஷிதாதா மினாமி என்னும் சிறு பட்டறை உரிமையாளர். ஆனால் சோறு எப்படி வேகிறது என்பதை அவர் அறியார். அதைக் கண்டறிந்தவர் அவர் மனைவி புமிகோ. குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே, காலை முதல் இரவுவரை மீண்டும் மீண்டும் சோறாக்கி, கொதிநிலையையும் நேரத்தையும் குறித்துக் குறித்து வைத்தவர் அவரே. கொதித்த பின் ஏறத்தாழ 20 நிமிடம் வெந்தால் சோறு பதமாகும் என்ற கணக்கிலிருந்து இயந்திரம் பிறந்தது. வெளிப்பானையில் அளந்து ஊற்றிய நீர் ஆவியாகித் தீர்ந்ததும் வெப்பம் 100 பாகைக்கு மேல் ஏறும். ஏறியதும் ஈருலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். எவ்வளவு எளிமை! கண்காணிக்க ஆள் வேண்டாம் என்பதே அதன் சிறப்பு.

மட்சுஷிதா நிறுவனம் 1965-இல் மலேசியாவில் கால் ஊன்றியது. 'நேஷனல்' என்ற அதன் வணிகப்பெயர் நம்மவர் நாவில் சோற்றுப் பானைக்கே பெயரானது. எல்லாத் தோட்டத்திலும் அப்போது முழுநேர மின்சாரம் இல்லை. பல இடங்களில் தோட்டத்து இயந்திரம் மாலையில் சில மணி நேரம் மட்டுமே ஓடும். எங்கள் தோட்டத்துக்கு அரசு மின்சாரம் வந்தது நான் பள்ளியில் சேர்ந்த பிறகு. அம்மா தவணைமுறையில் வாங்கிய முதல் பொருள் தொலைக்காட்சியன்று, சோற்றுப் பானை. "பட்டனைத் தட்டிட்டுப் பத்து நிமிசம் படுத்தேன்" என்று அம்மா அடுத்த வீட்டு அக்காவிடம் வியந்து சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. அந்தப் பத்து நிமிட உறக்கத்தை நான் அப்போது வேடிக்கையாக எண்ணினேன். காலை ஆறேகால் மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பும் நானே இரு பிள்ளைகளுக்குத் தாயான பின்தான் அதன் மதிப்பு விளங்கியது.

பலகாரத்துக்கு வருகிறேன். இன்று எந்த மலேசியத் தமிழர் வீட்டுத் தீபாவளிக்குச் சென்றாலும் முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டைக்கு அருகில் அன்னாசிப்பழ டார்ட், சோளமாவு பிஸ்கட், கேக் ஆகியவற்றைக் காணலாம். (பாடநூலில் நாம் அதை 'அணிச்சல்' என்று எழுதுகிறோம். மாணவர்கள் தேர்வில் அணிச்சல் என்று எழுதிவிட்டு, ஓய்வு நேரத்தில் கேக் என்று உண்கிறார்கள். நானும் இங்கே கேக் என்றே எழுதிவிடுகிறேன், மன்னிக்க.) தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர் இந்த மேசையைப் பார்த்து வியப்பார்கள். சிலர் "நம் பண்பாட்டை விட்டுவிட்டீர்கள்" என்றும் சொல்வதுண்டு.

விட்டுவிடவில்லை, பக்கத்து வீட்டிலிருந்து பெற்றுக்கொண்டோம். டார்ட் பெரனாக்கான் மக்களின் அடுப்பங்கரையில் வளர்ந்தது. அடுக்குக் கேக், டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியத் தீவுகளில் பிறந்தது. நாம் ரவை என்பதை 'சூஜி' என்றழைத்து, பாதாம்பருப்பும் வெண்ணெயும் சேர்த்துச் சுடப்படும் சூஜிக் கேக், மலாக்கா, சிங்கப்பூர் யுரேசியர்களின் பெருமை. நம் அச்சு முறுக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே இரும்பு அச்சு, அதே அரிசிமாவும் தேங்காய்ப்பாலும். மலாய்க்காரர் அதைக் 'குவே லோயாங்' என்பர். சீனர் தேன்கூட்டு பிஸ்கட் என்று சீனப் புத்தாண்டுக்குச் சுடுவர். யார் யாரிடம் பெற்றார் என்று வழக்காடுவதில் எனக்கு ஆர்வமில்லை. பலகாரத் தட்டை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்ற வழக்கம் மூவினத்தாரிடமும் இருந்தது. தட்டு போய் வந்த வழியில் செய்முறையும் போய் வந்தது.

வேலைக்குப் போகும் பெண்ணுக்குக் கேக் ஒரு வகையில் வசதியும்கூட. முறுக்கு சுடுவதற்கு நான்கு பேர் வேண்டும். ஒருநாள் முழுதும் எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்க வேண்டும். கேக்கைக் கலந்து வைத்துவிட்டால் அடுப்பு தானே வேலை செய்யும். ஆனால் அதற்கு அடுப்பு வேண்டுமே! மின்சார அவன் வருமுன்பே நம் பெண்கள் வழி கண்டனர். மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் வைக்கும் கதவுள்ள தகரப் பெட்டி ஒன்று சந்தையில் விற்றது. அதுவும் இல்லாதோர் பெரிய சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் கேக் அச்சை வைத்து மூடி, மூடியின்மேல் தணலைக் கொட்டினர். மலாய்க்காரர் பாகுலு சுடும் முறையும் இதுவே; கீழேயும் தணல், மேலேயும் தணல். சூட்டைப் பார்க்கக் கருவி ஏது? வெள்ளைத்தாள் ஒன்றை உள்ளே வைத்து அது எத்தனை விரைவில் பழுப்பேறுகிறது என்று பார்ப்பார் அம்மா.

குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டுக்கு வெண்ணெயும் டின்னில்தான் வந்தது. ஒரு பவுண்டு எடை, 454 கிராம். அம்மா தீபாவளிக்கு ஒரு டின் வெண்ணெய் வாங்குவார். மரப்பிடி போட்ட சுருள்கம்பியால் அதைச் சீனியோடு ஒரே பக்கமாக அடித்துக் குழைப்பது பிள்ளைகளின் வேலை. திசை மாற்றினால் கேக் எழும்பாது என்று அச்சுறுத்துவார். அது உண்மையில்லை என்று பின்னாளில் அறிந்தேன். வெண்ணெய்க்குள் காற்றுக் குமிழிகள் சேர வேண்டும் என்பதே நோக்கம், எந்தப் பக்கம் அடித்தாலும் சேரும். மூன்று பிள்ளைகளும் சண்டையில்லாமல் முறை வைத்து அடிக்க அம்மா கண்ட உத்தியாக இருக்கலாம்.

நகரத்தில் நிலைமை வேறு. ஆங்கிலப் பள்ளிகளில் பெண்களுக்கு இல்லப் பொருளியல் கற்பித்தனர். அச்சில் வந்த சமையல் நூல்களும் இருந்தன. அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது, சிங்கப்பூர் மெதடிஸ்டு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த எலிஸ் ஹேண்டி அம்மையார் 1952-இல் வெளியிட்ட 'மை ஃபேவரிட் ரெசிபீஸ்'. பள்ளிக்கு நிதி திரட்டுவதற்காக எழுதப்பட்ட அந்நூலில் மலாய், சீன, இந்திய, யுரேசிய உணவுகள் அருகருகே உள்ளன. பகலெல்லாம் பள்ளியை நடத்தியவர் இரவில் உப்பும் புளியும் அளந்து எழுதினார் என்பது ஓர் ஆசிரியைக்கு எத்தனை உவப்பான செய்தி! ஆசிரியைகளைப் பற்றிப் பேசும்போது ரசம்மா பூபாலன் அவர்களையும் குறிப்பிட வேண்டும். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்திருந்த அவர், 1960-இல் பெண் ஆசிரியர் சங்கத்தின் நிறுவனத் தலைவராகி, ஆணுக்கு நிகரான சம்பளத்துக்குப் போராடினார். அரசுப் பணியில் அந்தச் சம நிலை 1969-இல் வந்தது. மாதாமாதம் நான் பெறும் சம்பளச் சீட்டில் அப்பெருமாட்டியின் உழைப்பும் உள்ளது.

1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியதும் பினாங்கில் மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகின. தோட்டத்துப் பெண்கள் பலர் அங்கே சென்றனர். என் சின்னம்மா அவர்களுள் ஒருவர். பால்மரத்துக்காவது ஒரே நேரம், தொழிற்சாலைக்கு முறைவேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. இரவு வேலை முடிந்து வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பகலில் சமைத்துவிட்டு உறங்குவார். அரைத்த மசாலைக்கு மாறாகப் பொட்டலத் தூள் நம் சமையலறையில் நிலைபெற்றது அந்தத் தலைமுறையில்தான். அவிக்காமலும் சுடாமலும் செய்யும் 'கேக் பாத்திக்'கைச் சின்னம்மா வீட்டில்தான் முதன்முதலில் உண்டேன். மரி பிஸ்கட்டை உடைத்து, மைலோவும் வெண்ணெயும் கெட்டிப்பாலும் காய்ச்சிய கலவையில் புரட்டி, அச்சில் அழுத்திக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டால் ஆயிற்று. பழைய பால்டின் கேக்குக்குள் போய்விட்டது.

பின்னர் 1980-களிலும் 1990-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புத் திட்டங்களாயின. எஞ்சியவற்றில் இரப்பரை வெட்டிச் செம்பனை நட்டனர். 1917-இல் கோலசிலாங்கூர் அருகே தென்னமரத்தில் ஆன்ரி ஃபொக்கோனியே தொடங்கிய செம்பனைப் பயிர், 1990 வாக்கில் இரப்பரைப் பரப்பளவில் முந்திவிட்டது. நாங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். விறகடுப்பும் தகரப் பெட்டியும் லயத்திலேயே நின்றுவிட்டன.

நான் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்து, முதல் சில மாதச் சேமிப்பில் வாங்கியது கண்ணாடி மூடி போட்ட வட்ட வடிவ அலுமினிய அவன். வெள்ளி இரவுகளில் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டே ஏதாவது சுடுவேன். நடுவில் குழிந்த கேக், அடியில் கரிந்த பிஸ்கட், கல்லைப் போன்ற ரொட்டி என்று பட்டியல் நீளும். 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிலிருந்தபோது நாடே ரொட்டி சுட்டது. கடைகளில் ஈஸ்ட்டும் மாவும் கிடைப்பதரிது. இயங்கலையில் பாடம் நடத்தியபடி நானும் மாவு பிசைந்தேன். ஒலிவாங்கியை அணைக்க மறந்து, தட்டில் மாவை அறைந்த ஓசையைக் கேட்டு ஒரு மாணவி "டீச்சர், யாரை அடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

அந்த நாள்களில்தான் அம்மாவின் பழைய குறிப்புத்தாள் கண்ணில் பட்டது. என் கையெழுத்து, நான் நான்காம் ஆண்டு படிக்கையில் அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. வெண்ணெய் ஒரு டின், முட்டை பத்து, மாவு மூன்று டின், சீனி ஒன்றரை டின், கொஞ்சம் வெனிலா. அவ்வளவுதான். ஒரு பவுண்டு வெண்ணெய்க்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு மாவு என்ற பழைய ஆங்கிலேயக் கேக்கின் கணக்கே பால்டின் வழியாக எங்கள் லயத்துக்கு வந்திருக்கிறது. யார் சொல்லி வந்ததோ, துரை வீட்டில் வேலை செய்த ஆயாவோ, பக்கத்துக் கம்பத்து மாக்சிக்கோ, அம்மாவுக்கே நினைவில்லை.

குறிப்பில் உள்ளபடியே செய்தேன். வீட்டில் இருந்த பால்டின்னைக் கழுவித் துடைத்து அளந்தேன். கேக் மேலே வெடித்து, உள்ளே வறண்டு, கத்திக்கு உதிர்ந்தது. அம்மா ஒரு துண்டை வாயில் போட்டு மெல்ல மென்றார்.

"எந்த டின்னுல அளந்தே?"

காட்டினேன்.

"இது பெருசும்மா. அப்ப வந்த டின் இவ்ளோ ஒசரம் இல்ல."

எடுத்துப் பார்த்தேன். 500 கிராம் என்றிருந்தது. பழைய டின் 397 கிராம். மாவும் சீனியும் கால்பங்குக்கு மேல் கூடிவிட்டன. வெண்ணெயும் முட்டையும் அப்படியே இருந்தன. கேக் வறளாமல் என்ன செய்யும்? அதைவிட வியப்பு, டின்னில் 'பால்' என்றே எழுதியிருக்கவில்லை. இனிப்புக் கிரீமர் என்றிருந்தது. பாற்கொழுப்புக்கு மாறாகச் செம்பனை எண்ணெய் சேர்த்துச் செய்தது. எங்கள் இரப்பர் மரங்களை வெட்டிய இடத்தில் நட்டார்களே, அதே செம்பனை.

அம்மாவிடம் சொன்னேன். "அதான் கோப்பி ருசியா இல்ல" என்றார்.

அடுத்த வாரம் மாவைத் தராசில் நிறுத்து, 480 கிராம் எடுத்து, மறுபடியும் சுட்டேன். சீனியை 390 கிராமாகக் குறைத்துக்கொண்டேன். 170 பாகைச் சூட்டில் ஒரு மணி பத்து நிமிடம். அம்மா இரண்டு துண்டு உண்டுவிட்டு, மூன்றாவதைக் காகிதத்தில் மடித்துப் பக்கத்து வீட்டு மாக்சிக்குக் கொண்டு போனார்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை